கூரைக்குள் ஒரு மின்கலம்

முதலில் தெரிவது ஒரு கோடு. மயிரிழை அளவுதான். கூரையின் அடிப்பக்கத்தில், சுவரில் தொடங்கிச் சுவரில் முடியும். சில மாதங்கள் கழித்து அரையடி தள்ளி, அதற்கு இணையாக இன்னொரு கோடு. பூச்சு விட்டுவிட்டது என்று வீட்டுக்காரர் நினைப்பார். பெயிண்டர் வந்து பட்டி வைத்துத் தேய்த்து, மேலே இரண்டு கோட்டிங் அடித்துவிட்டுப் போவார். அடுத்த மழைக்காலத்தில் அதே கோடு பழுப்புக் கறையோடு திரும்பி வரும். பிறகு ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து கட்டிலின் மேல் விழும். அண்ணாந்து பார்த்தால், செதில் செதிலாக உரிந்த சிவந்த கம்பி.

அந்தக் கோடுகள் தற்செயலானவை அல்ல. தளத்துக்குள் முக்கியக் கம்பிகளைப் பெரும்பாலும் அரையடிக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டுவார்கள். விரிசலும் அதே இடைவெளியில் ஓடுகிறது என்றால், கூரை தன் கம்பிகள் எங்கே இருக்கின்றன என்று காட்டுகிறது என்று பொருள். இது பூச்சின் குறை இல்லை. பூச்சின் குறை எப்படி இருக்கும் என்பதைச் சென்னைக்காரர்கள் 2021இல் பார்த்தார்கள்: புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் கை பட்டாலே சுவர்க்காரை உதிர்ந்தது, ஐஐடி வல்லுநர்கள் வந்து ஆய்வு செய்தார்கள். அது மேல்தோலோடு நிற்கிற நோய். கூரைக் கோடோ உள்ளே கான்கிரீட்டே பிளந்ததன் அடையாளம்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. உள்நாட்டிலும் மாடிக் குளியலறைக்குக் கீழே உள்ள கூரை, மழை நேரடியாக அடிக்கும் சன்ஷேடு, தண்ணீர்த் தொட்டியின் அடித்தளம் ஆகிய மூன்றையும் பார்த்தால் பாதி வீடுகளில் இந்தக் கதை எழுதியிருக்கும்.

“தண்ணி இறங்கிருச்சு சார், கம்பி துரு புடிச்சிருச்சு.” எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். தவறில்லை, ஆனால் பாதிதான் உண்மை. கான்கிரீட் கலக்கும்போதே மூட்டைக்கு இருபது, முப்பது லிட்டர் தண்ணீர் சேர்க்கிறோம். இறுகிய பிறகும் அதன் நுண்துளைகளில் ஈரம் தங்கித்தான் இருக்கும். துளைகளின் வழியே காற்றும் வரும். அதாவது கம்பி முதல் நாளிலிருந்தே ஈரத்திலும் ஆக்சிஜனிலும்தான் கிடக்கிறது. அப்படியானால் முதல் வாரமே ஏன் துரு பிடிக்கவில்லை? கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதற்கான விடையின் முதல் நுனி கிடைத்தது கட்டடத்தில் இல்லை, அமிலக் குடுவையில்.

1836இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து ஷோன்பைன் என்ற வேதியியலாளர் லண்டனில் இருந்த மைக்கேல் ஃபாரடேவுக்குக் கடிதம் எழுதினார். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரும்பைப் போட்டால் பொங்கிக் கரைகிறது. அடர் அமிலத்தில் போட்டால் ஒன்றும் ஆவதில்லை. அதைவிட விசித்திரம், அடர் அமிலத்தில் ஒருமுறை முங்கி எழுந்த இரும்பு பிறகு நீர்த்த அமிலத்திலும் கரைய மறுக்கிறது. இரும்பின் மேற்பரப்பே ஆக்சைடாகி, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகக் காக்கிறது என்று ஃபாரடே ஊகித்தார். ஊகம் சரி. அந்தப் படலத்தின் தடிமன் சில நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் சில பங்கு.

கான்கிரீட்டுக்குள் நடப்பதும் இதுவே, ஆனால் அமிலத்தால் அல்ல, காரத்தால். சிமென்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது பக்கவிளைபொருளாக நீற்றிய சுண்ணாம்பு ஏராளமாக உருவாகிறது. அதோடு சோடியம், பொட்டாசியம் காரங்களும் சேர, நுண்துளைகளில் உள்ள நீரின் பி.எச். அளவு 12.5இலிருந்து 13க்கு மேல் வரை போய்விடும். அவ்வளவு காரத்தில் இரும்பின் மேல் ஆக்சைடு படலம் தானாகவே உருவாகும், கீறல் விழுந்தால் தானாகவே மூடிக்கொள்ளும். கம்பியைக் காப்பது கான்கிரீட்டின் கெட்டித்தன்மை அல்ல, அதன் காரத்தன்மை. 1867இல் கம்பிவலை வைத்த சிமென்ட் பூந்தொட்டிக்குக் காப்புரிமை வாங்கிய பாரிஸ் தோட்டக்காரர் ஜோசப் மோனியேவுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. வெப்பத்தில் இரும்பும் கான்கிரீட்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிகின்றன என்பது இன்னொரு தற்செயல். இந்த இரண்டு தற்செயல்களின் மேல்தான் இருபதாம் நூற்றாண்டின் நகரங்கள் எழுந்து நிற்கின்றன.

காரம் இருக்கும் வரை கம்பி பிழைக்கும். காரத்தைத் தின்ன ஓர் எதிரி காற்றிலேயே இருக்கிறது: கார்பன் டை ஆக்சைடு. அது நுண்துளைகளின் வழியே நுழைந்து, ஈரத்தில் கரைந்து, சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. மாற்றம் முடிந்த பகுதியில் பி.எச். ஒன்பதுக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே படலம் நிலைக்காது. இதனால் கான்கிரீட் பலவீனமாவதில்லை என்பதுதான் இதில் உள்ள சூது. கார்பனேற்றம் அடைந்த கான்கிரீட் முன்பைவிடச் சற்று கெட்டியாகக்கூட இருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்ப்பவர் “ஸ்ட்ராங்கா இருக்கு” என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவார்.

இந்த மாற்றம் வெளிப்பரப்பில் தொடங்கி உள்ளே நகரும். நகரும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு சுமாரான கான்கிரீட்டில் நான்கு ஆண்டுகளில் 10 மில்லிமீட்டர் போனது என்று வைத்துக்கொள்வோம். 20 மில்லிமீட்டர் போக எட்டு ஆண்டுகள் அல்ல, பதினாறு ஆண்டுகள் ஆகும். இதைத் திருப்பிப் படித்தால் வயிற்றில் புளி கரையும்: கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் பாதியாகக் குறைந்தால், பாதுகாப்புக் காலம் பாதியாகாது, கால் பங்காகும்.

கம்பிக்கு வெளியே இருக்கும் இந்த மூடுகனத்தைக் கட்டுமானத் தளத்தில் ‘கவர்’ என்பார்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, மென்மையான சூழலுக்கு 20 மில்லிமீட்டர், மிதமான சூழலுக்கு 30, கடலோரம் போன்ற கடுமையான சூழலுக்கு 45 என்று வகுத்திருக்கிறது. அதற்காகத்தான் கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் வைக்க வேண்டும். நடப்பது வேறு. கவர் பிளாக் தீர்ந்துவிட்டால் கையில் கிடைத்த ஜல்லித் துண்டைச் செருகுவார்கள். கான்கிரீட் ஊற்றும் நாளில் பாண்டு சுமக்கும் ஆட்கள் கட்டிய கம்பியின் மேலேயே நடப்பார்கள். ஜல்லி நழுவும், கம்பி தாழ்ந்து பலகையைத் தொடும். சென்ட்ரிங் பிரித்ததும் அடிப்பக்கத்தில் கம்பியின் தடம் தெரிந்தால், ஒரு கை சிமென்ட் பால் தடவி மறைத்துவிடுவார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து விழப்போகும் காரையின் தேதி அன்று காலை பதினோரு மணிக்கே முடிவாகிவிட்டது.

கார்பனேற்றம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பள்ளி ஆய்வகத்தில் அமில-கார சோதனைக்குப் பயன்படுத்திய பீனால்ப்தலீன் போதும். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் அதைத் தெளித்தால், காரம் உள்ள இடம் மெஜந்தா நிறத்தில் பளிச்சென்று சிவக்கும். கார்பனேற்றம் அடைந்த ஓரம் நிறம் மாறாமல் கிடக்கும். அந்த எல்லைக் கோடு கம்பியைத் தாண்டிவிட்டதா என்பதே கேள்வி. பழைய வீடு வாங்குபவர்கள் வாஸ்து பார்க்கச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவிடலாம்.

இரண்டாவது எதிரி உப்பு. இது இன்னும் மோசமானது, ஏனென்றால் காரம் முழுதாக இருக்கும்போதே படலத்தைக் குத்தித் துளைக்கும். உப்பில் உள்ள குளோரைடு அயனி இரும்போடு சேர்ந்து கரைசலுக்குப் போகும், அங்கே இரும்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து அடுத்த இரும்பைப் பிடிக்கும். தான் செலவாகாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். கம்பி முழுவதும் சீராக அரிக்காமல், ஆங்காங்கே குழி விழும். வெளியே கறைகூடத் தெரியாமல் கம்பியின் குறுக்களவு பாதியாகியிருக்கும். எவ்வளவு குளோரைடு சேர்ந்தால் படலம் உடையும் என்பதற்கு 1967இல் ஹாஸ்மன் என்ற ஆய்வாளர் ஓர் அளவு சொன்னார்: துளைநீரில் ஹைட்ராக்சைடு ஒரு பங்கு என்றால் குளோரைடு 0.6 பங்கைத் தாண்டக் கூடாது. காரம் குறையக் குறைய, தாங்கும் உப்பின் அளவும் குறையும் என்பது இதன் உட்பொருள். இரண்டு எதிரிகளும் ஒருவருக்கொருவர் கைகொடுப்பவர்கள்.

உப்பு எங்கிருந்து வருகிறது? கடல்காற்றிலிருந்து வருவது ஒரு பகுதி. மற்றதை நாமே கலக்கிறோம். கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது ஐ.எஸ். 456 விதி, கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு உண்டு. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் சுமார் 180 லிட்டர். கடல்நீரிலேயே கலந்தால் 3.4 கிலோ, வரம்பைப் போல ஐந்து மடங்குக்கு மேல். யாரும் கடல்நீரில் கலப்பதில்லை என்பது சரி. ஆனால் கடலோரத்தில் உப்பேறிய போர்வெல் தண்ணீர் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் என்று இருந்தால்கூட, தண்ணீர் மட்டுமே வரம்பில் பாதிக்கு மேல் நிரப்பிவிடும். மிச்ச இடத்தை மணல் பார்த்துக்கொள்ளும். தைவானில் 1980களிலும் 90களிலும் கட்டுமான வேகத்துக்கு ஆற்றுமணல் போதாமல், கழுவாத கடல்மணலைக் கலந்து ஏராளமான வீடுகள் எழுந்தன. கூரைகள் பெயர்ந்து விழத் தொடங்கிய பிறகு ‘கடல்மணல் வீடு’ என்பது அங்கே ஒரு தனி வகையாகவே ஆகி, சொத்துச் சந்தையையே கலக்கியது.

இத்தனை எதிரிகளும் உள்ளே வருவதற்கு வழி வேண்டுமே. அந்த வழியைத் திறந்துவைப்பது தண்ணீர், குறிப்பாகக் கலவையில் ஊற்றும் அதிகப்படித் தண்ணீர்.

1918இல் சிகாகோவின் லூயிஸ் இன்ஸ்டிட்யூட்டில் டஃப் ஆப்ராம்ஸ் என்பவர் கான்கிரீட்டின் வலிமை முதன்மையாக ஒரே ஒரு விகிதத்தைச் சார்ந்தது என்று காட்டினார்: சிமென்டின் எடைக்குத் தண்ணீர் எவ்வளவு. சிமென்ட் முழுதாக வினைபுரிய அதன் எடையில் ஏறத்தாழ 0.4 பங்கு தண்ணீர் போதும். அதற்கு மேல் ஊற்றுவது எல்லாம் கலவை எளிதாக ஓடுவதற்காக மட்டும். அந்த உபரி நீர் பின்னால் ஆவியாகும்போது, அது இருந்த இடம் துளையாக நின்றுவிடும். துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் அதுதான் நெடுஞ்சாலை. அமெரிக்காவின் டி.சி. பவர்ஸும் சக ஆய்வாளர்களும் 1959இல் இதை அளந்தே காட்டினார்கள். விகிதம் 0.45 என்றால் ஏழு நாள் ஈரத்தில் வைத்தாலே துளைகளின் தொடர்பு அறுந்துவிடும். 0.5 என்றால் பதினான்கு நாள். 0.6 என்றால் ஆறு மாதம். 0.7 என்றால் ஓர் ஆண்டு. அதையும் தாண்டினால் எத்தனை காலம் நனைத்தாலும் அறுபடாது.

50 கிலோ மூட்டைக்கு 0.5 என்றால் 25 லிட்டர். மணலில் இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் சேர்த்தி. 0.7 என்றால் 35 லிட்டர். இடையே உள்ள வித்தியாசம் வெறும் பத்து லிட்டர், அரை பக்கெட். சிறு கட்டடங்களில் இந்த அரை பக்கெட்டை யாரும் எண்ணுவதில்லை. மிக்சர் பக்கத்தில் ஒரு டிரம், ஒரு வாளி, அனுபவம் என்ற பெயரில் ஒரு கண்மதிப்பு. கலவை இறுகினாற்போல இருந்தால் “இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா” என்று மேலிருந்து குரல் வரும். இதில் கொத்தனாரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. இறுகிய கலவையைக் கம்பிகளுக்கு நடுவே இறக்க வைப்ரேட்டர் வேண்டும், நேரம் வேண்டும். தளம் ஒரே நாளில் முடிய வேண்டும், கூலி சதுர அடிக் கணக்கில். தண்ணீர் ஒன்றுதான் இலவசம். தண்ணீர் கூட்டாமலேயே கலவையை ஓடவைக்கும் ரசாயனச் சேர்க்கைகள் பல பத்தாண்டுகளாகச் சந்தையில் இருக்கின்றன. ரெடிமிக்ஸ் லாரியில் அது கலந்தேதான் வருகிறது. வந்த லாரியிலும் குழாயைச் செருகித் தண்ணீர் விடும் வழக்கத்தை என்னவென்று சொல்வது!

பிறகு நீராற்றுதல். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது நம்மூரில் எல்லோரும் அறிந்தது, நல்ல வழக்கமும்கூட. சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது ஏழு நாள், உலர்ந்த வெப்பமான காலத்தில் பத்து நாள் என்கிறது விதி. இன்று கடைகளில் பரவலாக விற்பது சாம்பலோ கசடோ சேர்த்த கலப்பு சிமென்ட். அது மெதுவாக வினைபுரியும், அதற்குப் பத்து நாளாவது வேண்டும், பதினான்கு நாள் நல்லது. தளத்துக்குக் கிடைக்கும் இந்தக் கவனிப்பு தூணுக்கும் பீமுக்கும் சன்ஷேடுக்கும் கிடைப்பதில்லை. கோணியைச் சுற்றி, காலையில் ஒருமுறை நனைத்தால் மத்தியானம் காய்ந்துவிடும். மேற்பரப்பின் முதல் சில சென்டிமீட்டர்தான் முதலில் காய்கிறது. கவர் இருப்பதும் அங்கேதான்.

இனி மின்கலத்துக்கு வருவோம். துரு என்பது மின்வேதியியல் வினை. 1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் மிக எளிய சோதனை ஒன்றைச் செய்தார். பளபளப்பாகத் தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர், அதில் இரண்டு நிறங்காட்டிகள். சற்று நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமாகவும் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் மாறியது. நீலம், இரும்பு கரையும் இடம். இளஞ்சிவப்பு, ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு காரமாக மாறும் இடம். சொட்டு முழுவதும் அரிக்கவில்லை. நடு இரும்பு தன்னைக் கொடுத்தது, விளிம்பு பிழைத்தது. முன்னதை ஆனோடு என்றும் பின்னதைக் கேத்தோடு என்றும் சொல்வார்கள்.

கூரைக் கம்பியிலும் அப்படியே. படலம் உடைந்த ஒரு சாண் நீளம் ஆனோடு. அதற்கு இருபுறமும் படலத்தோடு நலமாக இருக்கும் கம்பி கேத்தோடு. எலக்ட்ரான் ஓட கம்பியே வயர். அயனிகள் ஓட ஈரக் கான்கிரீட். சுற்று முழுமை. கரைந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகும்போது, தான் இருந்த இடத்தைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கம்பியில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு கரைந்தாலே போதும், மேலே இருக்கும் கான்கிரீட் பிளக்கும். இழுவிசையைத் தாங்குவதில் கான்கிரீட் பலவீனமானது. அதற்காகத்தானே கம்பியையே போட்டோம்.

நம் வீட்டுப் பழுதுபார்ப்பு இந்த மின்கலத்தைப் பற்றி ஒன்றுமே அறியாமல் நடக்கிறது. பெயர்ந்த இடத்தைக் கொத்துவார்கள், கம்பியின் வெளித்தெரியும் பக்கத்தை மட்டும் வயர் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள், ஏதோ ஒரு ‘கெமிக்கல்’ தடவி, செழிப்பான சிமென்ட் கலவையால் அடைத்துவிடுவார்கள். சொத்தையைச் சுரண்டாமல் பல்லை அடைக்கிற வேலை. ஓரிரு ஆண்டுகளில் ஒட்டுப்போட்ட இடம் அப்படியே இருக்கும், அதைச் சுற்றி வளையமாகப் புது விரிசல் வரும். “நான் செஞ்ச இடத்துல பாருங்க, ஒண்ணும் ஆகலையே” என்பார் மேஸ்திரி. அவர் சொல்வது உண்மையும்கூட.

பழைய ஆனோடு துருப்பிடித்துக்கொண்டிருந்த வரை, அது எலக்ட்ரான்களைக் கொடுத்துப் பக்கத்துக் கம்பிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கான்கிரீட்டிலும் உப்பு இருந்தது, காரமும் குறைந்திருந்தது. ஆனாலும் இந்த ஒரு இடத்தின் தியாகத்தால் அவை பிழைத்தன. இப்போது அந்த இடத்தில் புதிய, காரம் மிகுந்த, உப்பில்லாத கலவையை வைத்துவிட்டோம். அங்கே கம்பியின் மேல் படலம் திரும்ப உருவாகிறது. அது கேத்தோடாக மாறிவிடுகிறது. காவல் போன பக்கத்துக் கம்பி புதிய ஆனோடாகிறது. பழுதுபார்த்ததாலேயே பழுது இடம்பெயர்ந்திருக்கிறது. இதைப் பொறியாளர்கள் வளைய விளைவு என்கிறார்கள். உப்பேறிய கட்டடங்களில் இது அடிக்கடி வரும்.

தியாகம் செய்ய வேறொரு உலோகத்தைக் கொடுத்தால் என்ன? இந்த யோசனைக்கு இருநூறு வயது. 1824இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் வேய்ந்த செப்புத் தகடு கடல்நீரில் அரிக்காமலிருக்க, அதோடு துத்தநாகத் துண்டுகளையோ இரும்புத் துண்டுகளையோ பொருத்தினார். செம்பு அரிப்பது நின்றது. கூடவே இன்னொன்றும் நின்றது: செம்பு கரைந்து நஞ்சாகி விரட்டிக்கொண்டிருந்த கொட்டலசும் பாசியும் இப்போது கப்பலடியில் சுகமாக ஒட்டி வளர்ந்தன. கப்பல்களின் வேகம் குறைந்தது, கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. டேவியின் அறிவியல் தோற்கவில்லை, அளவுக்கு மீறி ஜெயித்துவிட்டது. அதே தத்துவத்தில் 1990களில் பிரிட்டனில், சிறு துத்தநாகக் கட்டியைச் சிறப்புக் கலவையில் பொதிந்து, ஒட்டுப்போடும் இடத்தின் விளிம்பில் கம்பியோடு கட்டும் முறை வந்தது. கம்பிக்குப் பதில் துத்தநாகம் கரையும். இந்தியாவிலும் கிடைக்கிறது. ஒரு வீட்டுக்குச் செலவு அதிகம்தான்.

துத்தநாகம் இல்லாவிட்டாலும், ஒழுங்கான பழுதுபார்ப்பு என்று ஒன்று உண்டு. துருப்பிடித்த கம்பியின் பின்புறமும் விரல் நுழைகிற அளவு, அதாவது இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டர் கொத்த வேண்டும். நீளவாக்கில், துரு முடிந்து சுத்தமான கம்பி தெரியும் வரை கொத்திக்கொண்டே போக வேண்டும். கம்பியை முழுச் சுற்றும் பளபளப்பாகத் தேய்த்து, குறுக்களவு எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்து, தேவையானால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். பிறகுதான் பூச்சும் பாலிமர் கலவையும். கொத்தும்போது தளத்துக்கு அடியில் முட்டு கொடுக்காமல் வேலை தொடங்குபவரை அன்றே அனுப்பிவிடலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, மேலே ஒழுகும் குளியலறைக் குழாயையோ மொட்டைமாடி வடிகாலையோ சரிசெய்ய வேண்டும். ஈரம் வற்றினால் அயனிகளின் பாதை அடைபடும்.

எதுவரை கொத்துவது என்று தெரியாமல் திண்டாட வேண்டியதில்லை. செம்பு-செம்பு சல்பேட் மின்வாய் ஒன்றைக் கான்கிரீட்டின் மேல் நகர்த்தி, உள்ளிருக்கும் கம்பிக்கும் அதற்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்கலாம். மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிட எதிர்மறையாக இருந்தால் அங்கே அரிப்பு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்பது உலகெங்கும் பயன்படும் அளவுகோல். மைனஸ் 200ஐவிடக் குறைந்த எதிர்மறை என்றால் இப்போதைக்குக் கவலையில்லை. கூரைக்குள் மின்கலம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம், வோல்ட்மீட்டரே சொல்கிறது.

இவற்றுக்குப் பதிலாகச் சந்தை நமக்கு விற்பது வேறு பொருட்கள். ஒன்று, அடிப்பக்கத்தில் அடிக்கும் வாட்டர்புரூஃப் பெயிண்ட். தண்ணீர் மேலே இருந்து வரும்போது கீழ்ப்பக்கத்தை அடைத்தால், ஈரம் உள்ளேயே தேங்கும். இரண்டு, ஃபால்ஸ் சீலிங். பெயர்ந்த கூரைக்கு ஜிப்சம் பலகையால் திரை போட்டுவிட்டு அதற்கு மேலே நடப்பதைப் பார்க்காமல் வாழ்வது. மூன்று, பூசிய கம்பி. எப்பாக்சி பூச்சு கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் அத்தகைய கம்பியோடு கட்டிய பாலங்களின் அடித்தூண்களில் பத்து ஆண்டுகள்கூட ஆகாமல் 1986இல் அரிப்பு தெரிந்தது. வளைக்கும்போதும் இழுத்துப் போடும்போதும் பூச்சில் விழுந்த கீறல்கள் வழியே உப்பு நுழைந்து, பூச்சுக்கு அடியிலேயே பரவியிருந்தது. கவனமாகக் கையாளும் இடத்தில் பூச்சு உதவும். நம் தெருவில் லாரியிலிருந்து கம்பிக்கட்டைத் தள்ளிவிடும் சத்தம் கேட்டவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு வெறும் நோயாளி மட்டுமல்ல. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நன்கொடையிலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று அது திறக்கப்பட்டது. மண்டபம் என்ற ஊரில் அதன் கடலோர அரிப்புச் சோதனைக் கூடம் இருக்கிறது. பாம்பன் பாலத்தை ஒரு நூற்றாண்டாகத் தின்ற அதே காற்றில், கம்பிகளையும் தகடுகளையும் வரிசையாகக் கட்டிவைத்து எது எவ்வளவு கரைகிறது என்று அளக்கிறார்கள். கான்கிரீட் கம்பிகளுக்கான சிமென்ட் அடிப்படையிலான பூச்சு முறையையும் அந்த நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அந்த அறிவு பெரிய பாலங்கள் வரை வந்தது. இரண்டு படுக்கையறை வீட்டின் மேஸ்திரி வரை வரவில்லை.

சென்னையின் நூறாண்டு பழைய வீடுகளில் சில இன்னும் மெட்ராஸ் டெரஸ் கூரையோடு நிற்கின்றன. தேக்கு உத்தரம், அதன்மேல் சுண்ணாம்புக் கலவையில் சாய்த்து அடுக்கிய மெல்லிய செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியாக ஓடு. தண்ணீர் இறங்கினால் உத்தரம் இற்றுப்போகும், கரையான் ஏறும். ஆனால் உள்ளிருந்து வெடிக்காது, ஏனென்றால் செங்கல் அடுக்குக்குள் இரும்பு இல்லை. ரோமில் 43 மீட்டர் அகலக் கான்கிரீட் குவிமாடத்தோடு பாந்தியன் கோயில் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்பதற்கும் அது ஒரு முக்கியக் காரணம். ‘அந்தக் காலத்துக் கட்டடம்’ என்று பெருமூச்சு விடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் இருபது அடி நீளத் தட்டைக் கூரையை உத்தரமில்லாமல் யாரும் போடவில்லை.

இன்றைய கூரையின் சிக்கலில் சந்தைக்கும் பங்கு உண்டு. ஒரு பொருளின் தரத்தை விற்பவர் அறிந்து, வாங்குபவர் அறியாதபோது, சந்தையில் நல்ல சரக்கு மெல்ல வெளியேறிவிடும் என்று 1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார்களை வைத்துக் காட்டினார். 2001இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டார். கார் என்றால் ஓட்டியாவது பார்க்கலாம். கவரும் தண்ணீர் விகிதமும் நீராற்றிய நாட்களும் சென்ட்ரிங் பிரித்த மறுநாளே கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. நல்ல கலவைக்கு ஒருவர் செய்த கூடுதல் செலவு வீட்டின் விலையில் தெரிவதில்லை. டைல்ஸும் மாடுலர் கிச்சனும் தெரிகின்றன.

சட்டம் ஓரளவு உதவுகிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரியவந்து சுட்டிக்காட்டினால், கட்டியவர் முப்பது நாட்களுக்குள் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும். ஆனால் வர்க்கமூலக் கணக்கை நினைத்துப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் கவரோடு ஏமாற்றிப் போட்ட தளம்கூட ஐந்தாம் ஆண்டில் வெளியே சிரித்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் ஐந்தாம் ஆண்டு முடியும் முன்பே, விரிசல் வருகிறதோ இல்லையோ, குடியிருப்போர் சங்கம் கவரின் கனத்தை அளக்கும் கவர் மீட்டர் சோதனையும் மின்னழுத்தச் சோதனையும் செய்துகொள்வது நல்லது. காகிதத்தில் இருக்கும் அளவுகளை வைத்துத்தான் வாதாட முடியும். சொந்தமாகக் கட்டுபவர்களுக்கு இதைவிட மலிவான சோதனை ஒன்று உண்டு. கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தின மாலை ஒரு டேப்போடு சென்ட்ரிங் மேல் ஏறி, பலகைக்கும் கம்பிக்கும் இடையே அளந்து பாருங்கள். குறைந்தது 20 மில்லிமீட்டர், கடலோரத்தில் 45 இல்லை என்றால் மறுநாள் வேலையை நிறுத்துங்கள்.